வறண்ட மாதங்களை எண்ணுங்கள்: மழைக்காட்டு மரங்கள் பற்றிக் கேள்வி பதில்

மேற்குத் தொடர்ச்சி மலையில் பல வருஷமாக மரக் கணக்கெடுப்பில் இருக்கிறேன். மழைக்காட்டு மரங்கள் ஏன் சில இடங்களில் மட்டும் நிற்கின்றன என்று கேட்டு வந்த கேள்விகளில் சில இங்கே.

மகாராஷ்டிரத்து மகாபலேஷ்வர் போய் வந்தேன் ஐயா. மழை கொட்டுகிற ஊர். ஆனால் எங்கள் ஊர் மலைமேல் இருக்கும் காக்காச்சி போல உயர்ந்த காடு இல்லை, குட்டை மரங்கள்தான். ஏன்? (அம்பாசமுத்திரம்)

மகாபலேஷ்வரில் வருஷத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. காக்காச்சிக்கு அவ்வளவு கிடையாது. ஆனால் மகாபலேஷ்வரில் ஏறக்குறைய மொத்த மழையும் ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அப்புறம் ஏழெட்டு மாதம் வானம் பார்க்க வேண்டியதுதான். காக்காச்சிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. காய்கிற காலம் இரண்டு மூன்று மாதம்தான். பெய்த மழை ஓடிப் போய்விடும், காய்கிற மாதங்களை மரம் நின்றுதானே கழிக்க வேண்டும்?

தெற்கிலிருந்து வடக்கே போகப் போக வறண்ட காலம் நீள்கிறது, இந்த மலைக்கே உரிய பசுமைமாறா மரங்களும் வகை வகையாகக் குறைகின்றன. தெற்கு மழைக்காட்டில் உயர்ந்து நிற்கும் வெடிப்பலா மகாபலேஷ்வரில் கிடையாது. அங்கே காயாவும் நாவலும்தான் ராஜா. (காயாம்பூ வண்ணன் என்று பாடுகிறோமே, அதே காயா.) குட்டையாக இருப்பதற்குக் காற்றும் ஆழமில்லாத மண்ணும்கூடக் காரணம்.

வறட்சியில் மரத்துக்குள் என்னதான் நடக்கிறது?

கிணற்று மோட்டாரில் ஏர் லாக் ஆனால் தண்ணீர் ஏறாது இல்லையா, கிட்டத்தட்ட அதுதான். இலையில் நீர் ஆவியாகும்போது, வேரிலிருந்து மேலே வரைக்கும் மெல்லிய குழாய்களில் நிற்கும் நீர் இழுபடுகிறது. மண் காயக் காய இழுவிசை கூடும். ஓர் அளவுக்கு மேல் போனால் குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்து நீரோட்டம் அறுந்துவிடும். எந்த அளவில் அறும் என்பது மரத்துக்கு மரம் மாறும். இலைத்துளைகளை மூடிக்கொண்டால் நீர் மிஞ்சும், ஆனால் உணவு தயாரிப்பு நின்றுபோகும். தேக்கு இலையையே உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்கிறது. சில மரங்கள் வேரை ஆழத்துக்கு அனுப்புகின்றன.

மண்ணோ விதை பரவலோ காரணமாக இருக்கக் கூடாதா? வறட்சிதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? (ஆய்வு மாணவி)

நியாயமான சந்தேகம். காட்டை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் இது தீராது, நட்டுப் பார்க்க வேண்டும். பனாமாவில் அதைச் செய்தார்கள். அந்தக் குறுகிய நிலத்தில் பசிபிக் கரையோரம் 1,800 மில்லிமீட்டர் அளவில் மழை, 65 கிலோமீட்டர் தள்ளிக் கரீபியன் பக்கம் 3,000ஐத் தாண்டும். பெட்டினா ஏங்கல்பிரெக்ட் குழுவினர் 48 வகை மரங்களின் கன்றுகளைக் காட்டுக்குள் நட்டு, ஒரு பங்குக்குத் தண்ணீர் விட்டார்கள், இன்னொரு பங்கைக் காயவிட்டார்கள். எது எவ்வளவு செத்தது என்ற கணக்கை, நாடு முழுக்க 122 இடங்களில் அந்த மரங்கள் நிற்பதோடு ஒப்பிட்டார்கள். காய்ந்த பாத்தியில் அதிகம் செத்த வகைகள்தான் ஈரப்பக்கத்தோடு ஒதுங்கி நிற்பவை. 2007இல் வெளியான முடிவு இது. பனாமாவிலேயே உள்ள பாரோ கொலராடோ தீவின் 50 ஹெக்டேர் ஆய்வுக் காட்டுக்குள்ளேயே, கோடையிலும் ஈரம் கசியும் சரிவுக்கும் காயும் மேட்டுக்கும் இடையில் இதே பிரிவினை தெரிகிறது.

உங்கள் மண்ணையும் விட்டுவிடவில்லை. 2013இல் பனாமாவில் சுமார் 550 மரவகைகளை அலசியபோது கோடை வறட்சியோடு மண்ணிலுள்ள பாஸ்பரசும் முன்னால் வந்து நின்றது.

தேக்கு வறட்சி தாங்கும் என்றால் ஈரமான காட்டில் இன்னும் ஜோராக வளர வேண்டாமா சார்?

வளருமே! மழைக்குப் பஞ்சமில்லாத நிலம்பூரில் 1840களில் நட்ட தேக்கு இன்னும் நிற்கிறது. ஆனால் அது மனிதன் இடம் ஒதுக்கிக் கொடுத்து நட்டது. தானாக முளைக்கும் தேக்குக் கன்றுக்கு வெயில் வேண்டும், பசுமைமாறாக் காட்டின் இருட்டில் அது தேறாது. வெடிப்பலாக் கன்றோ அந்த இருட்டிலேயே வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கும். பூச்சியும் பூஞ்சையும் ஈரக்காட்டில் கூடுதல்.

கோவையில் தோட்டத்தில் வெடிப்பலா நட்டேன் அண்ணா. மழையில் தளிர்த்தது, பங்குனியில் கருகிவிட்டது. என் தப்பா? (கோவை)

நட்ட இடம்தான் தப்பு, உங்கள் கைராசி இல்லை. கன்றின் வேர் மேல்மண்ணைத் தாண்டவில்லை, மேல்மண்தான் முதலில் காயும். தண்ணீர் விட்டால் கொஞ்ச நாள் தள்ளலாம், அனல்காற்றை என்ன செய்வீர்கள்? உசில், வெக்காலி, வேம்பு வையுங்கள்.

முதுமலையில் சுற்றிலும் மொட்டைக் காடு, ஓடையோரம் மட்டும் பச்சை. அதுவும் இதே கதையா?

அதேதான். ஓடையோர நாவலுக்கும் நீர்மருதுக்கும் கோடையிலும் வேரடியில் தண்ணீர் கிடைக்கிறது. மேட்டில் நிற்பவற்றுக்கு அது இல்லை.

கன்றுதான் சாகிறது என்றால், வளர்ந்த மரங்களைப் பற்றிக் கவலை வேண்டாம்தானே?

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். பிரேசிலின் காஷியுவானா காட்டில் 2002 முதல் ஒரு ஹெக்டேரில் தரைக்கு மேல் பிளாஸ்டிக் பந்தல் போட்டு, மழையில் பாதியை வெளியே வடித்தார்கள். முதல் சில வருஷம் காடு தாக்குப்பிடித்தது. பிறகு மரங்கள் விழத் தொடங்கின, அதிகம் செத்தவை மிகப் பெரியவை. ஆராய்ந்தபோது உயிரோடு நின்றவற்றின் உணவுச் சேமிப்பு குறைந்திருக்கவில்லை, ஆகவே பட்டினிதான் காரணம் என்று சொல்ல முடியவில்லை. நான் மேலே சொன்ன ஏர் லாக் மேல்தான் சந்தேகம் போய் நின்றது.