மறுமொழி: ஸ்டேசன் வாசலில வாடகைச் சைக்கிள் கட்டுமா?

தம்பி, மட்டக்களப்பு ஸ்டேசன் வாசலில 40 சைக்கிள் போட்டு மணித்தியால வாடகைக்கு விட்டாக் கட்டுமா எண்டு கேட்டிருக்கிறீங்க. சீனாவில மெட்ரோவோட சேர்ந்து ஓடுது, உண்மைதான். ஆனா பெய்ஜிங்கில சில நிமிசத்துக்கு ஒரு கோச்சி. ஒருத்தர் விட்டதை அடுத்தவர் எடுப்பார். ஒரே சைக்கிள் நாளைக்குப் பலதரம் உழைக்கும். நம்மட பாதை மட்டக்களப்போட முடியுது, வாறதும் விரல்விட்டு எண்ணுற கோச்சி. கொழும்பிலிருந்து உதயதேவிக் கோச்சி வந்தா எல்லாரும் ஒண்டா இறங்குவாங்க, கொஞ்ச நேரத்தில வாசல் வெறிச்சோடிப் போகும். மிச்ச நேரமெல்லாம் சைக்கிள் சும்மா நிக்கும். பொதியும் பிள்ளைகுட்டியுமா வாறவங்க எப்படியும் ஓட்டோதான் பிடிப்பாங்க.

சீனாவிலயும் எல்லாரும் வெல்லல்ல. 2014இல தொடங்கின ஓஃபோ எண்ட வாடகைச் சைக்கிள் கம்பனி, 2018இல டிப்பொசிற் காசைத் திருப்பிக் குடுக்க ஏலாம முழிச்சது. எனக்குப் பிடிச்சது நெதர்லாந்தின் ஓவே-ஃபீட்ஸ், ஸ்டேசனில எடுக்கிற வாடகைச் சைக்கிள், 2003இலிருந்து ஓடுது. எடுத்த ஸ்டேசனிலயே விடணும், இல்லாட்டி மேலதிகக் காசு. ஊரெல்லாம் சிதறின சைக்கிளை லொறியில அள்ளுற செலவு அதால குறையும்.

8 சைக்கிளோட தொடங்குங்க, நாள் வாடகைக்கு. கல்லடிக் கடற்கரைப் பக்கம் தங்க வாற ஆக்களைப் பிடியுங்க. கியர் வச்சது வேண்டாம். நான் 3 வாங்கிப் பட்டவன். கடற்காத்துக்கு ஒரு மழைக்காலத்திலயே செயின் செம்மண் நிறமாயிட்டு.