தோட்டக் காட்டில் மினி டிராக்டரால் பாதை எடுப்பது: கேள்வி பதில்

மலைத் தோட்டங்களில் நிழல் மரங்களுக்கு நடுவே மினி டிராக்டரைக் கொண்டு பாதை எடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எல்லாம் சொந்தப் பட்டா நிலத்துக்கு மட்டுமே பொருந்தும். காப்புக்காட்டு எல்லைக்குள் பாதை எடுக்கலாமா என்று கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. கூடாது என்பதுதான் சட்டம்.

கேள்வி (ஏற்காடு): பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட காப்பித் தோட்டம். பழைய வண்டிப் பாதை முழுவதும் புதர். 24 குதிரைத்திறனில் நான்கு சக்கரமும் இழுக்கும் மினி டிராக்டரும், அதன் பின்னால் மாட்டிப் புதர் வெட்டும் ஸ்லாஷரும் வாங்கியிருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

டிராக்டரைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு, அரிவாளோடு நடந்து தொடங்குங்கள். புதருக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்காத இடத்தில் ஸ்லாஷரை இறக்கக்கூடாது. பழைய தோட்டம் என்றால் அறுந்த முள்கம்பி, உருண்டு வந்த பாறை, மூடாத குழி, மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் அடிக்கட்டை ஆகிய நான்கும் கட்டாயம் இருக்கும். முள்கம்பி பிளேடில் சுற்றிக்கொண்டால் அன்றைய வேலை முடிந்தது. கல்லில் அடித்தால் சிதறும் துண்டு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கண்ட இடத்திலெல்லாம் சிவப்புத் துணி கட்டிக்கொண்டே போங்கள்.

கட்டைவிரலைவிடத் தடித்த தண்டுகளைக் கையாலோ பிரஷ் கட்டராலோ முதலில் வெட்டிவிட வேண்டும். வெட்டும்போது மண்ணை ஒட்டி, தட்டையாக வெட்டச் சொல்லுங்கள். நம் ஆட்கள் வழக்கப்படி சாய்த்துச் சீவினால் அரையடி உயரத்தில் ஈட்டி முனை நிற்கும். பத்து நாள் காய்ந்த பிறகு அது டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். பக்கச் சுவர் கிழிந்த டயருக்கு ஒட்டுப் போட்டு ஓட்ட முடியாது. வண்டியின் வயிற்றுப்புறத்தில் ஹைட்ராலிக் குழாயும் ஃபில்டரும் தாழ்வாகத் தொங்குகின்றன. அவற்றுக்கு அடியில் கனமான இரும்புத் தகடு அடித்துக்கொள்வது நல்லது. ரேடியேட்டர் வலையில் விதையும் சருகும் பஞ்சுபோல அடைத்துக்கொள்ளும். மணிக்கு ஒருமுறை இறங்கித் துடைக்காவிட்டால் வெப்பமுள் ஏறிய பிறகுதான் தெரியவரும்.

பாதையின் ஏற்றம்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. நூறு அடி நடந்தால் பத்து அடிக்கு மேல் ஏறக்கூடாது என்பது நான் விடாப்பிடியாகக் கடைப்பிடிக்கும் அளவு. சரிவு மென்மையான இடமாக இருந்தால், மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதிக்கு மேல் பாதையின் ஏற்றம் போகக்கூடாது. போனால் தண்ணீர் பாதையைக் குறுக்கே கடக்காமல் பாதையையே ஓடையாக்கிக்கொள்ளும். ஆறடி அகலப் பாதையில் பள்ளத்துப் பக்கம் மூன்று, மூன்றரை அங்குலம் தாழ்ந்திருந்தால் மழைநீர் தானாக வழிந்துவிடும். ஆங்காங்கே பாதை இறங்கி ஏறும்படி ஆழமில்லாத தாழ்வு ஒன்றை விட்டால், அதுவரை வந்த தண்ணீர் அங்கே வெளியேறும்.

இன்னொன்று: மேட்டில் வெட்டிய மண்ணைப் பள்ளத்துப் பக்கம் கொட்டி அகலத்தைக் கூட்டாதீர்கள். பார்வைக்குப் பாதைபோல இருக்கும் அந்த ஓரம் வெறும் பொலபொலப்பு மண். வெளிச் சக்கரம் ஏறியதும் சரியும். முழு அகலமும் வெட்டிய கெட்டி மண்ணிலேயே இருக்க வேண்டும்.

கேள்வி (கொல்லிமலை): வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்க இருக்கைக்குப் பின்னால் நிற்கும் பாதுகாப்பு வளைவு பலா மரக் கிளைகளில் இடிக்கிறது. மடக்கி வைத்துக்கொண்டு ஓட்டலாமா?

கூடாது. கிளையை வெட்டுங்கள், வெட்ட மனமில்லையென்றால் பாதையைத் தள்ளி எடுங்கள். சுவீடனில் புதிய டிராக்டர்களுக்கு இந்த வளைவை 1959ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கினார்கள். அதன்பிறகு கவிழ்ந்து சாவது அங்கே பெருமளவு குறைந்தது. நம் ஊரில் விற்கும் பல டிராக்டர்களில் அது இருப்பதேயில்லை. இருக்கிற வண்டியிலும் மடக்கி வைத்துவிட்டு, கிளை இடிக்கிறது என்று காரணம் சொல்கிறோம். வளைவு நிமிர்ந்திருந்தால் சீட் பெல்ட்டைக் கட்டாயம் போட வேண்டும். கொட்டகைக்குள் விடும்போது மடக்க நேர்ந்தால் அந்த நேரத்தில் மட்டும் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் வளைவில்லாமல் கவிழும் வண்டியோடு கட்டுண்டு கிடப்பது இன்னும் மோசம்.

கேள்வி (சிறுமலை): காற்றில் விழுந்த சில்வர் ஓக் பாதையை அடைத்துக் கிடக்கிறது. சங்கிலியை எங்கே மாட்டி இழுப்பது?

தாழ்வாக. பின் அச்சுக்குக் கீழே இருக்கும் இழுவைக் கொக்கியில் மட்டும். மேலே கருவிகளைப் பிடிக்கும் மூன்றாவது இணைப்பிலோ, இருக்கைக்குப் பின்னுள்ள வளைவிலோ, அச்சிலோ சங்கிலியைச் சுற்றாதீர்கள்.

காரணம் இதுதான். மரம் அசையாமல் பிடித்துக்கொள்ள, பின் சக்கரங்களும் தரையில் பிடித்துக்கொண்டால், எஞ்சினின் விசை சக்கரத்தைச் சுழற்ற முடியாமல் வண்டியின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்குகிறது. இழுக்கும் புள்ளி உயரமாக இருந்தால் அதுவும் சேர்ந்து பின்னால் சாய்க்கிறது. முன் சக்கரம் எழும்பி முக்கால் வினாடிக்குள் மீள முடியாத நிலை வந்துவிடும். ஒன்றரை வினாடியில் வண்டி ஓட்டுநர்மேல் இருக்கும். கிளட்சை மிதிக்க வேண்டும் என்று மூளைக்கு எட்டுவதற்கே அந்த நேரம் போதாது.

ஆகவே மரத்தை முதலில் துண்டு போடுங்கள். சங்கிலியைத் தொய்வில்லாமல் மெல்ல இறுக்கிக்கொண்டு, குறைந்த கியரில், சரிவின் போக்கில் இழுங்கள், உதறி இழுக்காதீர்கள். நைலான் கயிறு வேண்டவே வேண்டாம், அது அறுந்தால் கொக்கியோடு திரும்பி வரும்.

கேள்வி (தேவர்சோலை): 15 குதிரைத்திறன் போதுமா, 24 வேண்டுமா?

சமமான இடத்தில் புல்லும் சிறு புதரும் வெட்ட 15 போதும். மலைச்சரிவு என்றால் குதிரைத்திறனைவிட நான்கு சக்கர இயக்கம்தான் முக்கியம். மினி டிராக்டர்களில் பிரேக் பெரும்பாலும் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான். இறக்கத்தில் எடை முன்னால் சாய்ந்துவிடுவதால் பின் சக்கரம் பிடிப்பின்றி வழுக்கும். நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுக்கொண்டு குறைந்த கியரில் இறங்கினால் எஞ்சினின் தடை முன் சக்கரங்களுக்கும் போய்ச் சேரும். ஏறும்போது போட்டு, இறங்கும்போது எடுத்துவிடும் வழக்கம் தலைகீழானது.

கேள்வி (பர்கூர்): உண்ணிச்செடியை (லான்டானா) டிராக்டரில் மாட்டும் மல்ச்சர் போட்டு அரைத்துத் தள்ளினால் ஒரு நாளில் ஓர் ஏக்கர் முடிகிறது. ஆள் வைத்துப் பிடுங்குங்கள் என்று நீங்கள் சொல்லி வருவது எதற்கு?

நீங்கள் அரைத்தது மேல் பகுதியை மட்டும். தண்டும் வேரும் சேர்ந்து துளிர்விடும் வேர்க்கழுத்து மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. அடுத்த மழைக்கு ஒரு தண்டு இருந்த இடத்தில் பல தண்டுகள் கிளம்பும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபு வகுத்த முறையில், தரைமட்டத்துக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் கீழே ஆணிவேரை வெட்டி, செடியை அப்படியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கிறார்கள். துளிர்விடும் பகுதி செடியோடு வெளியே வந்துவிடுகிறது. வேர் மண்ணைத் தொடாததால் செடி காய்ந்து போகிறது. நீண்ட பிடி போட்ட கொத்து ஒன்றே அதற்குக் கருவி.

மறுப்பு (பர்கூர், அதே அன்பர்): அது பல்கலைக்கழகத்துக்குச் சரி. கூலி கொடுப்பவனுக்கு ஒத்துவராது. ஆளே கிடைப்பதில்லை.

ஆள் கிடைக்கவில்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கை ஒரு பருவத்தோடு நிறுத்திவிடுகிறீர்கள். ஆண்டுதோறும் டீசலும் வாடகையும் கொடுத்து அதே ஏக்கரை அரைப்பதையும் கூட்டிப் பாருங்கள்.

இடையில் ஒருவர் (தாளவாடி): நான் மல்ச்சர்தான் போடுகிறேன். பாதையில் மீண்டும் முளைக்கவில்லையே?

உங்கள் இருவர் கண்ணிலும் படுவது வெவ்வேறு இடம். சக்கரம் போய்வரும் பாதையின் அகலத்துக்குள் மல்ச்சர் போதும், அதை ஏற்கிறேன். மறுபடி மறுபடி வெட்டுப்படும் இடத்தில் எந்தப் புதரும் தலையெடுக்காது. பாதைக்கு வெளியே இருபுறமும் அரைத்துத் திறந்துவிடுகிறீர்களே, அங்கேதான் வாதம். உண்ணிச்செடி வெயிலை நேசிப்பது. மரத்தின் நிழலைத் திறந்து, மண்ணையும் கிளறிவிட்டால், அதற்கு நாற்றங்கால் போட்டுக் கொடுத்ததுபோல ஆகிவிடும். ஈரமான மண்ணில் தண்டே படுத்து வேர்விடும் செடி அது. பழத்தைத் தின்னும் கொண்டைக்குருவிகள் எந்த மரத்தில் உட்கார்ந்து எச்சமிடுகின்றனவோ, அதன் அடியில் மழைக்குப் பின் நாற்றுகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கலாம். அந்த மரத்தடிகளை மட்டும் அடுத்த இரண்டு மூன்று பருவங்களுக்குக் கையால் பிடுங்கி வந்தால், மற்ற இடத்தில் வேலை பாதியாகும்.

கேள்வி (பர்கூர், மறுபடியும்): அப்படியானால் சங்கிலி போட்டு டிராக்டராலேயே வேரோடு பிடுங்கிவிடலாமே?

மழை ஓய்ந்து மண் இளகியிருக்கும்போது, சமமான இடத்தில், இளஞ்செடியானால் பிடுங்கலாம். முதிர்ந்த தூரைச் சரிவில் பிடுங்கினால் வரும் குழி அடுத்த மழையில் ஓடையாகும். அன்றே மண் தள்ளி மிதித்துவிட வேண்டும். சங்கிலியைத் தாழ்வாக மாட்டுங்கள் என்பதை இங்கேயும் சொல்லிவைக்கிறேன், செடிதானே என்று மேலே மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி (அந்தியூர்): வெட்டிப்போட்ட உண்ணிச்செடியை மாடு தின்னலாமா?

கூடாது. ஈரலைக் கெடுக்கும், வெயில் பட்டால் தோல் வெந்து உரியும் நோயும் வரும்.

கேள்வி (போடி): காய்ந்த கழிவை அங்கேயே கொளுத்திவிடலாமா?

கூடாது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்ததை நினைவூட்ட வேண்டியதில்லை. கழிவைச் சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில் வரிசையாக அடுக்குங்கள், மண்ணையும் பிடிக்கும். சைலன்சர்மேல் படியும் சருகைத் துடைத்துக்கொண்டே இருங்கள்.

கேள்வி (கொடைக்கானல்): சொந்த நிலம்தானே, பாதையில் நிற்கும் மரங்களை வெட்ட அனுமதி எதற்கு?

1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமும் இருக்கின்றன. பட்டா கையில் இருப்பது மரத்தை வெட்ட உரிமை ஆகாது. மண் வெட்டும் இயந்திரத்துக்கும் உங்கள் பகுதியில் தனியாக அனுமதி வேண்டும். வனச்சரக அலுவலகத்திலும் கோட்டாட்சியர் அலுவலகத்திலும் எழுத்தில் கேளுங்கள். என் பதிலைக் காட்டி மரம் வெட்டாதீர்கள்.

கேள்வி (ஓசூர்): 18 குதிரைத்திறனா, 22ஆ? எந்த நிறுவனம் நல்லது?

தேவர்சோலைக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள். உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்தில் மெக்கானிக் வந்து சேரும் நிறுவனம் எதுவோ அதுவே நல்லது.

கேள்வி (வால்பாறை): உதவிக்கு வரும் ஆள் மட்கார்டில் உட்கார்ந்து வரலாமா?

கூடாது. வளைவு காப்பாற்றுவது பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவரை மட்டும். அவர் கிளையில் தட்டி விழுந்தால் பின்னாலேயே ஸ்லாஷர் வருகிறது. முன்னே நடந்து வழி பார்க்கட்டும், கதண்டுக் கூடு இருக்கிறதா என்று மேலேயும் பார்க்கட்டும். எஞ்சின் அதிர்வுக்கே அவை கிளம்பும். எஞ்சின் விசையைக் கொண்டுபோய் ஸ்லாஷரை இயக்கும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது வினாடிக்கு ஒன்பது. அதன் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டும் வண்டிக்கருகில் வேட்டியோ துண்டோ கட்டிய ஆளை விடாதீர்கள்.

கேள்வி (கல்வராயன் மலை): வளைவை மடக்கினால்தான் எங்கள் பாதையில் போக முடிகிறது. மெதுவாகத்தான் ஓட்டுகிறேன்.

மெதுவாக ஓட்டினாலும் கவிழும். கொல்லிமலைக்காரரிடம் சொன்னதே உங்களுக்கும்.

கேள்வி (ஏற்காடு): ஐப்பசியில் வேலை தொடங்கலாமா? எடுத்த பாதையை எத்தனை முறை வெட்ட வேண்டும்?

ஐப்பசி வேண்டாம். வடகிழக்கு மழையில் நனைந்த செம்மண்ணில் சக்கரம் பதிந்த தடம் இறுகிவிடும். மரங்களின் மேல்மட்ட வேர்களும் நசுங்கும். கையில் உருட்டிய மண் பிசினாக ஒட்டாமல் உதிரும் நாளில் தொடங்குங்கள், அநேகமாகத் தை பிறந்த பிறகு. முதல் ஆண்டில் மூன்று முறை வெட்ட வேண்டியிருக்கும், பிறகு ஆண்டுக்கு இருமுறை போதும். புரட்டாசியில் ஒருமுறை மண்வெட்டியோடு போய், தண்ணீர் வெளியேற விட்ட தாழ்வுகளின் வாயில் அடைத்திருக்கும் சருகை மட்டும் அள்ளிவிட்டு வாருங்கள். அதற்கு டிராக்டர் தேவையில்லை.