போதைப்பொருள், மாத்திரை, குடி: மனநல மருத்துவரிடம் கேட்டவை

கேள்விகள் நிறைய வந்திருந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர்களைப் போடவில்லை.

பி.ஃபார்ம் மாணவர்: சார், கஞ்சா எந்த வகை? ஒரு புத்தகத்தில் மாயத்தோற்றம் தரும் பொருள், இன்னொன்றில் தனி வகை, சட்டத்திலோ நார்கோட்டிக் (போதைமருந்து). எது சரி?

மூன்றும் அததன் இடத்தில் சரி. மருந்தியலில் மூளைக்கு என்ன செய்கிறது என்று பார்த்துப் பிரிக்கிறோம். மது, தூக்க மாத்திரை மூளையை மந்தமாக்கும். ஹெராயின், டிரமடால் எல்லாம் ஓபியாய்டு, அதாவது அபின் போல வேலை செய்பவை. கோக்கைன், மெத் (மெத்தாம்பெட்டமின்) மூளையைத் தூண்டிவிடும். கஞ்சா எதிலும் ஒழுங்காக உட்காராது. ஆளைத் தளர்த்தும், இதயத் துடிப்பைக் கூட்டும், அளவு மீறினால் இல்லாததைக் காட்டும். அதனால்தான் மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்-5 அதைத் தனி வகையாக வைத்திருக்கிறது.

சட்டம் பார்ப்பது மூளையை அல்ல. நம் 1985-ஆம் ஆண்டு என்.டி.பி.எஸ். சட்டத்தில் (போதைப்பொருள் தடுப்புச் சட்டம்) அபின், கஞ்சா, கோக்கா இலை மூன்றுமே 'நார்கோட்டிக்'. தூண்டிவிடும் கோக்கைனும் அதே பட்டியலில்தான். அதே சட்டத்தில், பூ நுனி சேராத வெறும் கஞ்சா இலையும் விதையும் 'கஞ்சா' ஆகாது. வட இந்தியாவில் கஞ்சா இலையில் செய்யும் பாங் விற்கும் கடை நடப்பது இந்த இடைவெளியில்தான். அமெரிக்காவின் 1970 சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு மிகக் கடுமையான முதல் பட்டியலிலும், கோக்கைனை இரண்டாவதிலும் வைத்தது. மதுவும் புகையிலையும் எந்தப் பட்டியலிலும் இல்லை! தேர்வுக்கு மூன்றையும் படியுங்கள். ஆனால் நோயாளி முன்னால் உட்காரும்போது, அவர் எடுத்தது எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதை வைத்து நோயின் கடுமையை எடை போடாதீர்கள்.

தனியார் நிறுவன ஊழியர்: ஒரு வருடமாக டாக்டர் எழுதிக் கொடுத்தபடி இரவில் அல்பிரசோலம் 0.25 மி.கி. மாத்திரை போடுகிறேன். இரண்டு நாள் விட்டால் தூக்கமே இல்லை, படபடப்பு. அட்டையில் சிவப்புக் கட்டம் வேறு. நான் அடிமையாகிவிட்டேனா?

சிவப்புக் கட்டம் ஷெட்யூல் எச்1 என்ற, கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் பட்டியலுக்கானது. கடைக்காரர் உங்கள் பெயர், டாக்டர் பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அது மருந்துக்கான கட்டுப்பாடு, உங்களைப் பற்றிய தீர்ப்பு இல்லை.

உங்கள் உடம்பு மாத்திரைக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். மருத்துவர் சொன்னபடி எடுக்கும்போது வரும் இந்தப் பழக்கத்தையும், நிறுத்தினால் வரும் அவதியையும் டி.எஸ்.எம்-5 நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒன்றை ஒன்றரையாக்கி, இரண்டாக்கி என்று நீங்களாகவே கூட்டுகிறீர்களா? சீட்டுக்காக இன்னொரு டாக்டரைத் தேடினீர்களா? அப்படி இருந்தால் வேறு பேச்சு. எப்படியானாலும் திடீரென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம். எழுதியவரிடமே போய் மெல்ல மெல்லக் குறைக்கக் கேளுங்கள்.

இல்லத்தரசி: கணவர் ராத்திரி மட்டும்தான் குடிப்பார். வேலைக்கு ஒழுங்காகப் போகிறார். 'நான் குடிகாரன் இல்லை' என்கிறார். காலையில் டீ டம்ளர் பிடிக்கக் கை நடுங்குகிறது. இது நோயா டாக்டர்?

அந்தக் கை நடுக்கம் எனக்குக் கவலை தருகிறது, அம்மா. வேலைக்குப் போவது நோய் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

நாங்கள் என்ன பார்ப்போம் என்று சொல்கிறேன். டி.எஸ்.எம்-5-இல் பதினோரு அடையாளங்கள், கடந்த 12 மாதத்துக்குள். 'ஒரு குவார்ட்டர்தான்' என்று உட்கார்ந்து ஆஃப்பில் முடிகிறதா? விட முயன்று முடியாமல் போனதா? சாயங்காலம் ஆனால் மனம் அதையே சுற்றுகிறதா? வீட்டில் சண்டை வந்தும், ஈரல் கெட்டது என்று தெரிந்தும் தொடர்கிறதா? குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறாரா? அதே போதைக்கு முன்பைவிட அதிகம் தேவைப்படுகிறதா? குடிக்காவிட்டால் நடுக்கம், வியர்வை வருகிறதா? இப்படிப் போகும். இரண்டு மூன்று இருந்தால் லேசானது, நான்கு ஐந்து நடுத்தரம், ஆறு அல்லது அதற்கு மேல் கடுமை. அவரிடம் 'குடிகாரனா' என்று கேட்டால் சண்டைதான் மிஞ்சும். இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டால் பலர் உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள்.

இன்னொன்று. கோபத்தில் 'இன்றோடு விடு' என்று அறையில் பூட்டி வைக்காதீர்கள். நடுக்கம் உள்ளவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் ஆள் குழம்பி, பூச்சி ஊர்கிறது என்பார், வீட்டாரையே தெரியாது. அதைப் பேய் என்று மந்திரிக்கக் கூட்டிப் போய் நேரத்தை இழக்கிறவர்கள் இருக்கிறார்கள். உயிருக்கே ஆபத்தான நிலை அது. மருத்துவமனையில் மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

அப்புறம், 'அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள்' என்று விற்கிற பொடி. தயவுசெய்து வேண்டாம். மதுவை உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்பிரம் போன்ற மருந்து உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

ஒரு தாய்: மகனுக்கு 17 வயது. வீட்டிலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்தோம், கஞ்சா பாசிட்டிவ். மறுவாழ்வு மையத்தில் சேர்க்கவா? போலீஸ் வருமா?

பாசிட்டிவ் என்றால் கஞ்சா உடம்புக்குள் போயிருக்கலாம் என்றுதான் பொருள். வீட்டுக் கருவி தவறாகவும் காட்டலாம். எப்போதாவது இழுத்தவருக்குச் சில நாள் காட்டும், தினமும் இழுப்பவருக்கு வாரக்கணக்கில். நோயா இல்லையா என்பதை எந்தப் பரிசோதனைப் பட்டையும் சொல்லாது. தூக்கம், படிப்பு, பழைய நண்பர்கள், விளையாட்டு எல்லாம் என்ன ஆயிற்று என்று பாருங்கள். முதலில் மனநல மருத்துவரிடம் வாருங்கள், சேர்ப்பதைப் பிறகு பேசலாம்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி சிகிச்சை விவரம் ரகசியம். என்.டி.பி.எஸ். சட்டத்தின் 64ஏ பிரிவும், பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கு வந்தவர், போதைக்கு அடிமையானவராக இருந்து, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் அந்த வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கு போய்விடலாம்.

கல்லூரி மாணவி: ஃபில்டர் காபி இல்லாவிட்டால் தலைவலி. இதுவும் நோயா? மொபைல் கேம்?

காபியை விட்டால் வரும் தலைவலிக்கு டி.எஸ்.எம்-5-இல் பெயர் உண்டு, ஆனால் காபி அடிமைத்தனத்தை இன்னும் ஆராய வேண்டிய பட்டியலில்தான் வைத்திருக்கிறார்கள். குடியுங்கள். கேம் அப்படி இல்லை. 2022-இல் நடைமுறைக்கு வந்த, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி-11-இல் அது நோய்தான். எத்தனை மணி நேரம் என்பது மட்டும் கணக்கில்லை. கட்டுப்பாடு போய், மற்றதெல்லாம் பின்னுக்குப் போய், கெடுதல் தெரிந்தும் தொடர வேண்டும், வழக்கமாக ஒரு வருடமாவது.

பலர்: செலவில்லாமல் எங்கே போவது?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். போகுமுன் பேச வேண்டுமானால் அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.