ஒலிப்பதிவு படிக்க ஆசைப்படும் மகள்: 6 லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசு மகளிர் பள்ளியில் படித்து, இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணிதம், இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். இன்ஜினீயரிங் கட்-ஆஃப் 168 வருகிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே பாட்டு ரெக்கார்டிங் மீது அவளுக்கு அப்படி ஒரு ஆசை. தோழிகளை வீட்டுக்கு அழைத்து வந்து, ஃபேனை நிறுத்தி, ஜன்னலில் போர்வையைக் கட்டி, செல்போனிலேயே பதிவு செய்வாள். சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஒரு வருட சவுண்ட் இன்ஜினீயரிங் டிப்ளமோ சேர வேண்டும் என்கிறாள். கட்டணம் ஜிஎஸ்டி சேர்த்து 6.5 லட்சம். ஹாஸ்டலும் சாப்பாடும் 1.5 லட்சம், லேப்டாப் 60,000. இதில் 6 லட்சத்துக்கு அவர்களே ஒரு நிதி நிறுவனத்தில் 13% வட்டிக்கு, 5 வருடத் தவணையில் கடன் ஏற்பாடு செய்கிறார்களாம். மீதிக்கு செல்வமகள் கணக்கில் இருக்கும் சுமார் 4 லட்சத்தில் பாதியை எடுக்கலாம், பற்றாததற்கு நகையை வைக்கலாம் என்று நினைக்கிறேன். பத்து நாளுக்குள் 25,000 முன்பணம் கட்டினால் கட்டணத்தில் சலுகையாம். என் கணவர் பஸ் பாடி கட்டும் கம்பெனியில் வேலை பார்க்கிறார், நான் வீட்டிலிருந்து தைத்துக் கொடுக்கிறேன். இருவருக்கும் சேர்த்து மாதம் 36,000. மகன் எட்டாம் வகுப்பு. 12 பவுன் நகை இருக்கிறது. கணவரோ, பக்கத்திலிருக்கும் தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் இசிஇ (எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினீயரிங்) சேர்த்துவிடலாம், வருடம் 1.1 லட்சம்தானே என்கிறார். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் படித்ததில்லை. என்ன செய்வது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்: சகோதரி, முதலில் அந்த 25,000-ஐக் கட்டாதீர்கள். மேனேஜ்மென்ட் சீட்டும் வேண்டாம். ஆனால் உங்கள் மகள் ஒலிப்பதிவுத் துறைக்குத் தாராளமாகப் போகட்டும். ஜன்னலில் போர்வை கட்ட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வெளிச்சத்தம் உள்ளே வரக்கூடாது, வெறும் சுவரில் பட்டுக் குரல் எதிரொலிக்கக்கூடாது என்று அவளே கேட்டுக் கண்டுபிடித்திருக்கிறாள். அந்தக் காதை வீணாக்கக்கூடாது. அதற்காகத்தான் கடன் வேண்டாம் என்கிறேன்.

கடன் கணக்கை முதலில் பார்ப்போம். 6 லட்சம், 13%, 60 தவணை என்றால் மாதத் தவணை சுமார் 13,650 ரூபாய். இது குறையும் அசலுக்கு வட்டி போட்டால். ஃப்ளாட் வட்டி, அதாவது கட்டக் கட்ட அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசி வரை வட்டி என்றால், தவணை 16,500 ஆகிவிடும், மொத்தம் திருப்பிக் கட்டுவது 9.9 லட்சம். "13%" என்று வாயால் சொல்கிறார்களே, அது எந்த வகை என்று எழுத்தில் கேட்டீர்களா? தவணை எந்த மாதத்தில் தொடங்கும், படிக்கும்போதே வட்டி கட்ட வேண்டுமா என்பதையும் கேட்க வேண்டும். வங்கிகள் தரும் கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கிடையாது. 4 லட்சம் வரை பெற்றோர் கையிலிருந்து பங்கு போடவும் தேவையில்லை, 7.5 லட்சம் வரை சொத்து அடமானமும் தேவையில்லை, 15 வருடம் வரை திருப்பிக் கட்ட அவகாசம் உண்டு. ஆனால் அது அங்கீகாரம் பெற்ற பட்ட, பட்டயப் படிப்புகளுக்குத்தான். உங்களிடம் வங்கியைப் பற்றிப் பேசாமல் நேராக ஒரு நிதி நிறுவனத்தைக் காட்டுகிறார்கள் என்றால், இந்த டிப்ளமோவுக்கு வங்கிக் கடன் கிடைக்குமா என்று நீங்களே ஒரு வங்கிக் கிளையில் போய்க் கேளுங்கள். அங்கே வரும் பதில் அந்தச் சான்றிதழின் மதிப்பையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

இப்போது வரவுப் பக்கம். ஒலிப்பதிவுத் தொழிலில் முதல் சில வருடங்கள் உதவியாளர் வேலைதான். கேபிள் சுருட்டுவது, மைக் வைப்பது, பதிவான கோப்புகளைப் பெயர் போட்டு அடுக்குவது, ராத்திரி இரண்டு மணிக்கு டப்பிங் முடியும் வரை உட்கார்ந்திருப்பது. அப்புறம்தான் மிக்ஸிங் மேசையில், அதாவது பதிவான ஒலிகளைக் கலந்து சமன் செய்யும் இடத்தில், கை வைக்க விடுவார்கள். பெரும்பாலும் மாதச் சம்பளமும் கிடையாது. பாட்டுக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று பேசுவார்கள், அதுவும் கைக்கு வரத் தாமதமாகும். சராசரியாக மாதம் 15,000 கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதில் 13,650 தவணைக்குப் போனால் சென்னையில் அவள் எதைச் சாப்பிடுவாள், எங்கே தங்குவாள்? ஆறு மாதம் நீங்கள் கரூரிலிருந்து பணம் அனுப்புவீர்கள். ஏழாவது மாதம் அவளே ஏதாவது அலுவலக வேலைக்குப் போய்விடுவாள். திறமை இல்லாமல் இந்தத் தொழிலை விட்டுப் போகிறவர்களைவிட, ஐந்தாம் தேதி தவணைக்குப் பயந்து விட்டுப் போகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. முதல் மூன்று வருடம் குறைந்த வருமானத்தில் தாக்குப்பிடிக்க முடிகிறவள்தான் இங்கே நிலைப்பாள். அதற்குக் கடனில்லாமல் படிப்பை முடிப்பதுதான் வழி.

சரி, எங்கே படிப்பது? சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே இளங்கலை காட்சிக்கலை என்ற நான்கு வருடப் பட்டப் படிப்பில் ஒலிப்பதிவு ஒரு தனிப் பிரிவு. பட்டம் தருவது தமிழ்நாடு அரசின் இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம். பிளஸ் டூ-வில் இயற்பியல், வேதியியல் படித்த உங்கள் மகளுக்கு ஏற்ற பிரிவு இது. அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் அந்தத் தனியார் டிப்ளமோவில் ஒரு சிறு பங்குதான். பக்கத்து வகுப்பில் இயக்கமும் ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் படிக்கிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் எடுக்கும் மாணவர் படங்களுக்கு இவள் ஒலி செய்வாள், நாளைக்கு அவர்களே இவளைக் கூப்பிடுவார்கள். என்னைக் கேட்டால் முதல் தேர்வு இதுதான். ஆனால் இடங்கள் மிகக் குறைவு, விண்ணப்பமும் தனி. இன்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் இது வராது, எனவே அறிவிப்பைத் தவறவிடாமல் பார்க்க வேண்டும். கிடைக்காமலும் போகலாம் என்று நினைத்தே அடுத்ததையும் தயார் செய்யுங்கள்.

அடுத்தது உங்கள் கணவர் சொல்லும் இசிஇ. படிப்பு தவறில்லை, சேரச் சொல்லும் வழிதான் தவறு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இன்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் 7.5% உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. தனியார் கல்லூரியில் கவுன்சிலிங் வழியாக இடம் கிடைத்தாலும் இது பொருந்தும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் போய்ச் சேர்ந்தால் இது போயே போய்விடும். அதாவது, வருடம் 1.1 லட்சம் வீதம் நான்கு வருடத்துக்கு 4.4 லட்சத்தை, கட்டத் தேவையே இல்லாத இடத்தில் கொண்டு போய்க் கட்டப் பார்க்கிறீர்கள். 168 கட்-ஆஃபை வைத்துக்கொண்டு கவுன்சிலிங்குக்குப் போகாமல் இருப்பது அநியாயம். இன்றைக்கே பதிவு செய்யுங்கள். இசிஇ-யில் அவள் படிக்கப்போகும் சிக்னல் ப்ராசஸிங்தான், ஒலியின் கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசருக்கும், எதிரொலி சேர்க்கும் ரிவெர்புக்கும் அடிப்படை, அதனால் அது அவளுக்கு அந்நியமான படிப்பும் இல்லை.

இரண்டும் அமையாவிட்டால் கரூர் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல். இதை யாரும் கடைசி வழி என்று முகம் சுளிக்க வேண்டாம். 2009-ல் ஒலிக்கலவைக்காக ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி, கேரளத்தில் காயங்குளத்து கல்லூரி ஒன்றில் இயற்பியல் பட்டம் படித்துவிட்டுத்தான் புனே திரைப்படக் கல்லூரிக்குப் போனார். புனேயிலும் கொல்கத்தாவின் சத்யஜித் ரே நிறுவனத்திலும் ஒலிப்பதிவுக்கு மூன்று வருட முதுநிலைப் படிப்பு இருக்கிறது. இரண்டுமே மத்திய அரசு நிறுவனங்கள். சேர ஒரு பட்டம் வேண்டும், பிளஸ் டூ-வில் இயற்பியல் படித்திருக்க வேண்டும், நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஒரு வருட டிப்ளமோவோடு அவள் நின்றுவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும், ஏனென்றால் அது பட்டம் இல்லை. மேலே சொன்ன மூன்று வழியில் எதில் போனாலும் அது திறந்தே இருக்கும்.

இனி பணத்தை எங்கிருந்து எடுப்பது என்று பார்க்கலாம். தரமணியில் இடம் கிடைத்தால் தங்குமிடமும் சாப்பாடும்தான் பெரிய செலவு. மாதம் 9,000 வீதம் வருடத்துக்குப் பத்து மாதம் போட்டால் 90,000. அரசுப் பள்ளியில் படித்த பெண் பட்டப் படிப்பில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும், அது வருடத்துக்கு 12,000. மீதி 78,000. செல்வமகள் கணக்கில் கடந்த நிதியாண்டின் முடிவில் இருந்த தொகையில் பாதி வரை படிப்புக்காக எடுக்கலாம், ஆனால் சேர்க்கைக் கடிதத்திலோ கட்டணச் சீட்டிலோ உள்ள தொகைக்கு மேல் எடுக்க முடியாது. பலர் அதை ஒரே தடவையில்தான் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை வீதம், ஐந்து வருடம் வரை பிரித்தும் எடுக்கலாம். விடுதிக் கட்டணமும் சேர்ந்து சீட்டு அந்த அளவுக்கு வந்தால், நீங்கள் வருடம் 50,000 வீதம் நான்கு வருடம் எடுங்கள். எடுக்காமல் விட்டது உள்ளே வட்டியோடு வளரும். அப்படியானால் உங்கள் கையிலிருந்து போக வேண்டியது வருடம் 28,000, மாதத்துக்கு 2,300 சொச்சம். 36,000 வருமானத்தில் இது முடியும். கல்லூரிக் கட்டணம் சேரும் மாதங்களில் நெருக்கும் என்று தோன்றினால், செல்வமகளில் மாதாமாதம் போடுவதைச் சில வருடம் குறைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 250 ரூபாய் போட்டாலே கணக்கு உயிரோடு இருக்கும்.

7.5% ஒதுக்கீட்டில் இசிஇ கிடைத்தால் செல்வமகளைத் தொடவே வேண்டாம்.

நகையையும் தொடாதீர்கள். உங்கள் வீட்டில் வேறு அவசர நிதி எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. கணவருக்கு மூன்று மாதம் வேலை இல்லாமல் போனாலோ, ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலோ, அந்த 12 பவுன்தான் உங்களைக் காப்பாற்றும். மகன் பத்தாம் வகுப்பு முடிக்க இன்னும் இரண்டே வருடம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு செலவை மட்டும் தயங்காமல் செய்யச் சொல்வேன். அவளுக்குக் கருவி வாங்கிக் கொடுங்கள். லேப்டாப் எந்தக் கல்லூரிக்கும் தேவைதான். அதோடு இரண்டு மைக் செருகக்கூடிய ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கின் ஒலியை லேப்டாப்புக்குக் கொண்டு போகும் பெட்டி), ஸ்டூடியோவில் பயன்படுத்தும் கண்டென்சர் வகை மைக் ஒன்று, காதை மூடும் ஹெட்ஃபோன், ஸ்டாண்டு, கேபிள். எல்லாம் சேர்த்து 35,000-க்குள் அடக்கலாம், பழையது நல்லதாக அமைந்தால் இன்னும் குறையும். ஸ்டூடியோ ஸ்பீக்கர் இப்போது வேண்டாம். வெறும் சுவர் உள்ள சின்ன அறையில் விலை உயர்ந்த ஸ்பீக்கரும் பொய்தான் சொல்லும். மென்பொருளுக்கு ரீப்பர் போதும். 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, சிறு பயனாளர் உரிமத்தை 60 டாலருக்கு வாங்கலாம். திருட்டுப் பிரதி வேண்டாம் என்று அவளிடம் இப்போதே சொல்லுங்கள். பிறர் உழைப்புக்குக் காசு கொடுத்துப் பழகினால்தான் தன் உழைப்புக்குக் காசு கேட்கும் துணிச்சல் வரும்.

அப்புறம், கரூரிலேயே கல்யாண மண்டபங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் மைக் செட் போடுகிறவர்கள் இருக்கிறார்களே, உங்களுக்குத் தெரிந்த நல்ல மனிதர் ஒருவரிடம் விடுமுறையில் அவளை அனுப்புங்கள், கூட அப்பாவும் போகட்டும். தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் எங்கே மைக் வைப்பது, கூவல் சத்தம் வந்தால் எந்தக் குமிழைத் திருகுவது என்பதெல்லாம் அங்கே ஒரே முகூர்த்தத்தில் பழகிவிடும். தனக்குப் பிடித்தது ஸ்டூடியோவா, மேடை ஒலியா, படப்பிடிப்புத் தளமா என்று அவளுக்கே தெரியவும் அது உதவும். 6.5 லட்சம் கேட்கிறவர்கள் இந்தக் கேள்வியை அவளிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

பட்டம் முடித்த பிறகு, மிக்ஸிங்கில் மட்டும் ஒரு குறுகிய பயிற்சி வேண்டும் என்று அவளே ஒரு தனியார் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தால் அப்போது நானே சரி என்பேன். அன்றைக்கு அவளுக்கு என்ன தெரியாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும், கையில் கொஞ்சம் சம்பாத்தியமும் இருக்கும். அப்போதும் கட்டணத்தைக் கேட்பதற்கு முன்னால், ஒரு மாணவருக்குத் தனியாக மேசையில் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று கேட்க வேண்டும், போன வருடம் முடித்த இரண்டு பேரிடமாவது பேச வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது காகித வேலை. பள்ளித் தலைமை ஆசிரியரிடம் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று வாங்குங்கள். இ-சேவை மையத்தில் வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றுக்கும் ஒரே நாளில் விண்ணப்பியுங்கள். முதல் பட்டதாரிச் சான்றுக்கு வீட்டில் எல்லோருடைய படிப்பு விவரமும் கேட்பார்கள், அதைக் கையோடு கொண்டு போங்கள். வருமானச் சான்றில் உங்கள் ஆண்டு வருமானம் 4.32 லட்சம் என்று சரியாக வர வேண்டும். 4.5 லட்சத்துக்குள் வருமானம் உள்ள குடும்பங்களுக்கு, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் தொழிற்கல்வி படிக்க வங்கியில் வாங்கும் கடனுக்கு, படிப்புக் காலத்திலும் அதன் பின் ஒரு வருடமும் வட்டியை மத்திய அரசு கட்டும் திட்டம் இருக்கிறது. இப்போது உங்களுக்குக் கடன் தேவைப்படாது, ஆனால் மகன் படிக்கும்போது தேவைப்படலாம். சான்றுகள் கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மகளின் மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள்.