பதில்: ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட மறுக்கும் முதியவர்

வணக்கம். அலபாமாவில் நீங்கள் செவிலியராக இருக்கும் மருத்துவமனையில், 78 வயதுக் கறுப்பினப் பெண்மணி ஒருவர் சினைப்பைக் கட்டியை அகற்றும் அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் தர மறுப்பதைப் "பிடிவாதம்" என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை.

1961இல் மிசிசிப்பியில் கட்டியை அகற்றிக்கொள்ளச் சென்ற, பின்னாளில் கறுப்பின உரிமைப் போராளியான ஃபேனி லூ ஹேமரின் கருப்பையை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே எடுத்துவிட்டார்கள். உங்கள் மாநிலத்திலேயே, டஸ்கிகீயில், 1932 முதல் 1972 வரை சிஃபிலிஸ் நோயுற்ற கறுப்பின ஆண்களுக்கு உரிய சிகிச்சை தராமல் நோயின் போக்கைக் கண்காணித்தார்கள். இவையெல்லாம் உங்கள் நோயாளிக்கு வரலாறு அல்ல, அவர் வாழ்ந்த காலம்.

முதலில் அவரை வெறும் பெயர் சொல்லி அழைப்பதை நிறுத்துங்கள். அலபாமா நீதிமன்றத்தில் அவ்வாறு அழைக்கப்பட்டதற்காகப் பதிலளிக்க மறுத்த மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினப் பெண்ணின் தண்டனையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1964இல்தான் ரத்து செய்தது. 'மிஸஸ்' என்று குடும்பப் பெயருடன் அழையுங்கள். பிறகு, எதை அகற்றுவார்கள், எதைத் தொடமாட்டார்கள் என்பதை அறுவை மருத்துவரே அவர் எதிரில் அமர்ந்து, அவர் விரும்பினால் மகளையும் உடன் வைத்துக்கொண்டு விளக்கி, அதையே படிவத்திலும் எழுதித் தரட்டும். அதன் பின்னும் மறுத்தால், அந்த முடிவு அவருடையது.