20 நிமிசத்தில் 87 பாகை: முதலில் தூசியைப் பாருங்கோ

கேம் விளையாடும்போது லேப்டாப் மெதுவாகுது, கிராபிக்ஸ் கார்ட் (திரையில் படத்தை உருவாக்கும் பகுதி) பழுதோ என்று கேட்டிருந்தீங்கள். கார்ட் பழுதில்லை, சூடு 87 பாகையைத் தொட்டதும் அது தானாகவே வேகத்தைக் குறைக்குது. 20 நிமிசம் விளையாடின பிறகுதான் பிரேம் (ஒரு செக்கனுக்கு வரும் படங்கள்) 90இலிருந்து 40க்கு விழுது என்கிறீங்கள், அப்படியென்றால் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) அடைபட்டிருக்கத்தான் கூட வாய்ப்பு. நிலாவெளியில் கடலோர வீடு வேற. உப்பு ஈரத்தில் தூசி ஒட்டி, ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துண்டு மாதிரிப் படியும். வெளியிலிருந்து ஊதினால் போகாது.

கழற்ற முன்னம், விளையாடும்போது கார்டின் நிலையைக் காட்டும் ஜிபியு-இசட் (GPU-Z) மென்பொருளில், வேகம் ஏன் குறையுது என்று சொல்லும் பெர்ஃப்கேப் ரீசன் (PerfCap Reason) வரியைப் பாருங்கோ. தெர்மல் என்று வந்தால் சூடுதான். பவர் மட்டும் வந்து, கார்ட் எடுக்கும் வாட் அளவும் சட்டென்று விழுந்தால் சார்ஜரைச் சோதியுங்கோ. சுத்தம் செய்து பலனில்லை.

திறந்ததும் முதலில் பற்றரி வயரைக் கழற்றுங்கோ. ஊதும்போது ஃபேன் இதழை விரலால் பிடியுங்கோ, வேகமாகச் சுழன்றால் பெயரிங் கெட்டுவிடும். ஹீட்சிங்கைத் தூக்கினால் தெர்மல் பேஸ்ட் (சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் பசை) புதிதாகப் போடத்தான் வேணும். தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தென்ற துண்டு) கிழிந்தால் அதே தடிப்பில் மாற்றுங்கோ.