புளியில் ஊறிய தோட்டா உறைகள்

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். ஒரு வருடமாக 9 மி.மீ. கைத்துப்பாக்கியில் இலக்குச் சுடுதல் பழகுகிறேன். சுட்டபின் விழும் பித்தளை உறைகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். வீட்டிலேயே ரீலோட் செய்யலாம், அதாவது அதே உறையில் புது மருந்தும் குண்டும் வைத்துத் திரும்பத் தோட்டாவாக்கலாம் என்று கருவிகளும் வாங்கியாயிற்று. ஊரில் அம்மா குத்துவிளக்கு தேய்க்கிற நினைப்பில் உறைகளைப் புளியும் கல்லுப்பும் கரைத்த தண்ணீரில் போட்டேன். இருபது நிமிடத்தில் எடுத்த முதல் ஈடு பளிச்சென்று வந்தது. இரண்டாவது ஈட்டைப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் எல்லாம் ரோஜா நிறம். இவற்றைப் பயன்படுத்தலாமா? சரியான முறைதான் என்ன? பளபளப்பாக வந்ததில் இரண்டை அம்மாவிடம் காட்ட ஊருக்கு எடுத்துப்போகலாமா?

பதில்: இரண்டாவது ஈட்டை மறுயோசனை இல்லாமல் பழைய உலோகக் கடையில் போட்டுவிடுங்கள். 9 மி.மீ. உறை சுடுதளத்தில் காலடியிலேயே கிடக்கிற சாமான், அதற்காக வருத்தப்பட வேண்டாம். முதல் ஈடு பெரும்பாலும் தப்பித்திருக்கும். அதை எப்படிப் பார்ப்பது என்று பிறகு சொல்கிறேன்.

தோட்டா உறைக்கான பித்தளையில் எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். புளியில் இருப்பது முக்கியமாக டார்டாரிக் அமிலம். அது மேலே படிந்த கறுப்பைக் கரைக்கிறது. அதனால்தான் விளக்கு பளிச்சென்று ஆகிறது. அதோடு நிறுத்திவிட்டால் சரி. நேரம் போகப்போக, கூடவே உப்பும் சேர்ந்தால், கறை தீர்ந்தபின் உலோகத்தையே அரிக்கத் தொடங்கும். செம்பைவிடத் துத்தநாகம் சீக்கிரம் கரைந்து போகும். கரைந்த செம்பில் கொஞ்சம் திரும்ப வந்து மேலேயே படியும். நீங்கள் பார்த்த ரோஜா நிறம் அந்தச் செம்புதான். பல நேரம் அது மேல்தோல் அளவுதான். ஆனால் ஒரு இரவு முழுக்க உப்புத் தண்ணீரில் கிடந்தது எவ்வளவு ஆழம் அரித்தது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. குத்துவிளக்கு தாங்க வேண்டியது எண்ணெயும் திரியும். இந்த உறை தாங்க வேண்டியது சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு வரையிலான அழுத்தம்.

முதல் ஈட்டை நன்றாக வெந்நீரில் அலசி, உலர்த்தி, கீழே சொல்லும் முறையில் இரண்டு மணி நேரம் சுழல விடுங்கள். மஞ்சள் நிறம் ஒரே சீராக வந்தால் வைத்துக்கொள்ளலாம். சிவப்புத் திட்டோ புள்ளிக் குழியோ தெரிகிற உறை, அதிலும் அடிப்பக்கத்தில் தெரிகிற உறை, வேண்டாம்.

புளியைவிட எனக்குப் பயம் தருவது இன்னொன்று. புளி வேலைக்கு ஆகவில்லை என்றால் அடுத்துக் கை போகிற இடம் கடையில் விற்கும் பித்தளை பாலிஷ். அதில் பலவற்றில் அமோனியா உண்டு. மூடியைத் திறந்தால் மூக்கில் ஏறுகிற அந்த நெடிதான். பித்தளைக்கு அமோனியா எமன். இந்தப் பாடம் படித்த இடம் நம் பக்கம்தான். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் ராணுவத் தோட்டாக்கள் மழைக்காலத்தில் இருப்பிலேயே தானாக வெடிப்பு விட்டன. குண்டைப் பிடித்திருக்கும் வாய்ப்பக்கத்தில்தான் விரிசல். பருவத்தோடு சேர்ந்து வந்ததால் ஆங்கிலத்தில் இதற்குப் ‘பருவ வெடிப்பு’ என்றே பெயர் விழுந்தது. குதிரை லாயங்களின் மூத்திரத்திலிருந்து கிளம்பிய அமோனியா, ஈரக்காற்று, உறையை அழுத்தி வடித்தபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்த வேலை அது. 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் இதை விளக்கினார்கள். லேசாகச் சூடுகாட்டி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதே தீர்வாயிற்று. நீங்கள் ஒவ்வொரு முறை ரீலோட் செய்யும்போதும் உறையை டை என்கிற அச்சில் நெருக்குகிறீர்கள், வாயை விரிக்கிறீர்கள், திரும்பக் குண்டை இறுக்குகிறீர்கள். அதாவது இறுக்கத்தைக் கையாலேயே ஏற்றுகிறீர்கள். அதன்மேல் அமோனியாவும் வேண்டுமா? உறைக்கு எந்த பாலிஷ் வாங்கினாலும் அமோனியா இல்லை என்று சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சபீனா மாதிரித் தேய்க்கும் பொடியும் கூடாது. அதன் துகள் உறையில் ஒட்டிக்கொண்டு டைக்குள் போனால் கோடு கிழிக்கும். அப்புறம் அந்த டையில் போடுகிற ஒவ்வொரு உறையிலும் அதே கோடு விழும்.

உண்மையில் சுத்தம் செய்வதே இரண்டு காரணத்துக்காகத்தான். மண்ணும் கரியும் டையைக் கெடுக்கக் கூடாது. விரிசல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பளபளப்பால் ஒரு தோட்டாவும் நேராகப் போய்விடாது. மங்கலாக இருந்தாலும் வழவழவென்று இருக்கும் உறை நல்ல உறைதான்.

இனி முறை. எந்த வழியானாலும் முதலில் பொறுக்கிப் பிரியுங்கள். சுடுதளத்தில் வாரிய குவியலில் சுடாத தோட்டா ஒன்று கலந்திருக்கலாம். 9 மி.மீ. போலவே தோன்றும் குட்டையான .380 உறைகள் நிச்சயம் இருக்கும். .22 உறை பெரிய உறைக்குள் ஒளிந்திருக்கும். ஒரு காந்தத்தையும் ஓட்டிப் பாருங்கள், பித்தளைப் பூச்சுப் பூசிய எஃகு உறைகள் ஒட்டிக்கொள்ளும். அவற்றையும் அலுமினிய உறைகளையும் ஒதுக்கிவிடுங்கள்.

அதிகம் பேர் செய்வது உலர்முறை. இதற்கான அதிரும் எந்திரத்துக்கு டம்ளர் என்று பெயர். (காபி நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.) மக்காச்சோள முத்தை உதிர்த்தபின் மிஞ்சும் சக்கையைப் பொடித்த குறுணை, இல்லையென்றால் வால்நட் ஓட்டுக் குறுணை, இரண்டில் ஒன்றை அதில் நிரப்பி உறைகளைப் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஓட விட வேண்டும். வால்நட் அழுக்கை வேகமாக எடுக்கும், சோளச்சக்கை மினுக்கும். துணி உலர்த்தும் எந்திரத்தில் போட்டு எடுத்த பழைய மணத்தாள் ஒன்றைக் கிழித்து உள்ளே போட்டால் தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். இந்த முறையில் பழைய பிரைமரை (உறையின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சின்னக் குமிழ்) எடுக்காமலேயே சுழல விடலாம். எடுத்துவிட்டுப் போட்டால் குறுணை போய், பிரைமரின் தீ உள்ளே பாயும் தீத்துளையில் சிக்கும், பிறகு ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஈரமுறை இன்னும் சுத்தம். உருளும் டப்பாவில் மெல்லிய துருப்பிடிக்காத எஃகு ஊசிகள் ஐந்து பவுண்டு, உறைகள், மூழ்குமளவு தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி, எலுமிச்சை உப்பு கால் தேக்கரண்டி. எலுமிச்சை உப்பு என்பது சிட்ரிக் அமிலம்தான், உங்கள் புளிக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் அளவு தெரிந்து போடலாம், சக்கையும் நாரும் ஒட்டாது. கூடப் போட்டால் இதிலும் ரோஜா நிறம் வரும். ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் போதும். அதற்குமேல் ஓட விட்டால் உறைகளின் வாய் ஒன்றோடொன்று மோதி நசுங்கி விளிம்பு கட்டும். இந்த முறையில் பிரைமரை முன்பே தட்டி எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் அதன் அடியில் தண்ணீர் தங்கும். முடிந்ததும் உள்ளே ஊசி சிக்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பாருங்கள். நிக்கல் பூசிய உறைகளை ஈரமுறையில் நெடுநேரம் விடாதீர்கள், பூச்சு உரியும்.

உலர்த்துவதில்தான் புதியவர்கள் அவசரப்படுவார்கள். உறைக்குள் ஒரு சொட்டு ஈரம் இருந்தால் மருந்து சரியாக எரியாமல் குண்டு குழலின் நடுவிலேயே நின்றுவிடலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும். டெக்சாஸ் வெயில் இருக்கும்போது என்ன கவலை? துண்டில் பரப்பி ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். அதிகச் சூடு மட்டும் ஆகவே ஆகாது. அடுப்புத் தீயில் காட்டினாலோ மின்சார ஓவனில் சூட்டைக் கூட்டி வைத்தாலோ உறையின் அடிப்பகுதி மிருதுவாகிவிடும். சுடும்போது அழுத்தத்தை நிறுத்த வேண்டிய இடம் அதுதான். சூடான காற்று வேண்டுமென்றால் 200 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டாத தனி உலர்த்தி வாங்கிக்கொள்ளுங்கள்.

தனி என்று சொல்வதற்குக் காரணம் ஈயம். சாதாரண பிரைமரில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட உறைக்குள் படிந்திருக்கும் கரியில் அதன் மிச்சமும் உண்டு. உலர்முறையின் தூசியிலும் ஈரமுறையின் கறுப்புத் தண்ணீரிலும் அது வரும். புளிக்கரைசல் எந்தப் பாத்திரத்தில் கலந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சமையல் பாத்திரமென்றால் அது இனி சமையலுக்கு வேண்டாம். இந்த வேலையை வீட்டுக்கு வெளியே, கையுறையும் தூசிக்கான முகமூடியும் போட்டுச் செய்யுங்கள். குறுணையைச் சலிக்கும்போது மூடியோடு சலியுங்கள். சமையலறைத் தொட்டியில் அலசாதீர்கள், கறுப்புத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றாதீர்கள், ஊரின் அபாயக் கழிவு மையத்தில் கொடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் இருக்கக் கூடாது. முடித்ததும் சாப்பாட்டில் கை வைக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சுத்தமான பிறகு ஒவ்வொரு உறையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். 9 மி.மீ.யில் விரிசல் பெரும்பாலும் வாயிலிருந்து கீழ்நோக்கி ஓடும். நாலைந்து உறைகளை உள்ளங்கையில் போட்டுக் குலுக்கினால் விரிசல் விட்டது மட்டும் மணி போல் ஒலிக்காமல் ‘டப்’பென்று கேட்கும். கடையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிற அதே காதுதான். அடியில் ஒருபக்கம் உப்பியதும் புது பிரைமர் தொளதொளவென்று உள்ளே போகிறதும் வேண்டாம்.

கடைசிக் கேள்வி. அம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். உறையை எடுத்துப்போகாதீர்கள். இந்தியாவின் 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தில் ‘அம்யூனிஷன்’ (ammunition) என்ற சொல்லுக்குள் தோட்டாவின் பாகங்களும் அடங்கும். காலி உறைதானே, சாவிக்கொத்துதானே என்று சென்னை விமான நிலையத்தில் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டாம். சுடுதளத்துக்குக் கொண்டுபோகும் பையையும் பயணத்துக்கு எடுக்காதீர்கள். மூலையில் ஓர் உறை எப்போதும் கிடக்கும்.